வரலாற்றுக்குப் பாயிரம் வகுத்த இப்னு கல்தூன்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது தமிழ் மரபு. நூல் நுதலிய பொருளையும் அதனைக் கற்கும் முறையையும் மாணாக்கனுக்கு முன்னரே உணர்த்துவது பாயிரமாகும். வரலாறு என்னும் பெருந்துறைக்கு அத்தகைய பாயிரம் ஒன்றை 14ஆம் நூற்றாண்டில் வகுத்தளித்தவர் பேரறிஞர் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் (ரஹ்) ஆவார். அவர் யாத்த ‘முகத்திமா’ என்னும் நூற்பெயரின் பொருளும் முன்னுரை என்பதே. கல்லூரியில் வரலாற்றைத் தொடக்கப் பாடமாகப் பயிலப் புகும் மாணவர் முதற்கண் அறிந்துகொள்ளத்தக்கது அவர்தம் வாழ்வு.

ஹிஜ்ரி 732, ரமலான் முதல் நாளில் (27.5.1332) வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரில் அவர் பிறந்தார். அவருடைய முன்னோர் தென் அரேபியாவின் ஹள்ரமௌத் பகுதியினர். பின்னர் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். 1248இல் அந்நகரம் காஸ்டில் அரசரின் கைக்கு மாறுவதற்கு முன்னரே அக்குடும்பம் அதனை நீங்கி வட ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. இளமையிலேயே திருக்குர்ஆன், ஹதீஸ், மாலிகி மத்ஹபுச் சட்டம், அரபு இலக்கணம், கவிதை ஆகியவற்றை அவர் முறையாகக் கற்றார். அளவையியலையும் மெய்யியலையும் தக்க ஆசிரியரிடம் பயின்றார்.

பதினேழாம் அகவையில் பேரிடி ஒன்று விழுந்தது. 1348–49ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. ஊர்கள் வெறிச்சோடுவதையும் அரசுகள் தளர்வதையும் கண்ணாற் கண்ட அவ்விளைஞரின் உள்ளத்தில், மனிதர் கூடி வாழும் வாழ்வு எவ்வாறு எழுகிறது, எவ்வாறு வீழ்கிறது என்னும் வினா அன்றே வேர்கொண்டது எனலாம்.

பின்னர் அவர் அரசியலில் புகுந்தார். தூனிஸ், ஃபெஸ், கிரானடா, பூஜி எனப் பல அரசவைகளில் பணியாற்றினார். ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஐயத்துக்கு ஆளாகி 1357 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் வாடினார். 1364இல் கிரானடா அரசரின் தூதராகச் செவில் நகருக்குச் சென்றபோது, அங்கேயே தங்கினால் முன்னோரின் உடைமைகளைத் திருப்பித் தருவதாகப் பெட்ரோ மன்னர் கூறினார். இப்னு கல்தூன் அதனை ஏற்கவில்லை. எனினும், தமக்கு ஆதரவளித்த அரசரை அடிக்கடி மாற்றிக்கொண்டவர் என்னும் குறை அவர்மீது கூறப்படுவதுண்டு. அம்மாற்றங்களை அவரே தம் தன்வரலாற்றில் எழுதிவைத்துள்ளார் என்பது நோக்கத்தக்கது.

அரசியற் சூழ்ச்சிகளில் சலிப்புற்ற அவர், 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். பதவியும் படையும் இல்லாத அத்தனிமையில், 1377ஆம் ஆண்டின் ஐந்து மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். ‘கிதாபுல் இபர்’ என்னும் உலக வரலாற்றுப் பெருநூலுக்கு அதுவே தோற்றுவாய் ஆயிற்று.

வரலாற்றில் பொய் புகுவதற்கான காரணங்களை அந்நூலில் அவர் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் முதலாவதாக அவர் வைப்பது கட்சிப்பற்று. தம் கொள்கைக்கும் தம் குழுவுக்கும் உகந்த செய்தியை மனம் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து. செய்தி சொன்னவர் நம்பத்தக்கவரா என்று ஆராய்வதற்கு முன், அந்நிகழ்ச்சி நடந்திருக்கக் கூடியதா என்று பார்த்தல் வேண்டும் என்கிறார். மாமன்னர் அலெக்சாந்தர் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலின் அடித்தளம் வரை சென்றார் என்னும் கதை மஸ்ஊதி போன்ற பெரும் வரலாற்றாசிரியரின் நூலிலேயே இடம்பெற்றது. மூடிய பேழைக்குள் மூச்சுவிடக் காற்று ஏது என்று கேட்டு இப்னு கல்தூன் அதனைத் தள்ளினார். பாலைவனத்தில் முழுதும் செம்பாலான நகரம் ஒன்று உண்டு என்னும் கதையையும், அவ்வழியே சென்று வந்த பயணிகள் எவரும் அதனைக் கண்டதில்லை என்று கூறி மறுத்தார்.

அரசுகளின் எழுச்சிக்கு ‘அஸபிய்யா’ என்னும் குழுப்பிணைப்பே அடிப்படை என்பது அவருடைய தலையாய கோட்பாடு. கடுமையான வாழ்வில் உறுதிபெற்ற கூட்டத்தார் அரசமைக்கின்றனர். இன்பமும் ஆடம்பரமும் பெருகப் பிணைப்புத் தளர்கிறது. பொதுவாக மூன்று தலைமுறைகளில் அவ்வரசு நலிகிறது என்று அவர் விளக்கினார்.

கற்பித்தல் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். ஒரு துறையை முதலில் பருந்துப் பார்வையாகவும், அடுத்து விளக்கமாகவும், மூன்றாவதாக நுணுக்கங்களுடனும் கற்பிக்க வேண்டும் என்றார். தொடக்க நிலையிலேயே அரிய சிக்கல்களை மாணவர்மீது சுமத்துதல் கூடாது என்றார். சுருக்க நூல்களை மட்டுமே மனனம் செய்வதால் புலமை வளராது என்றும், ஆசிரியரின் கடுமை மாணவரைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என்றும் எச்சரித்தார்.

1382இல் அவர் எகிப்து சென்றார். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் மாணவர் அவரைச் சூழ்ந்தனர். 1384இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபுத் தலைமைக் காழியாக நியமித்தார். பரிந்துரைக்கு வளையாத அவருடைய நேர்மை பகைவரைப் பெருக்கியது. அதே ஆண்டில், அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தினர் கப்பல் விபத்தில் மாண்டனர். பதவி நீங்கிய அவர், 1387இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். பின்னரும் காழிப் பதவி வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் கற்பித்தலையும் தம் நூலைத் திருத்துவதையும் அவர் கைவிடவில்லை.

1401இல் தைமூரின் படை டமாஸ்கஸை முற்றுகையிட்டது. அறுபத்தெட்டு வயதான இப்னு கல்தூன் கோட்டை மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டுத் தைமூரைச் சென்று கண்டார். உலகை நடுங்கவைத்த அப்படைத்தலைவருடன் பல நாள்கள் உரையாடி, அவற்றையும் எழுதி வைத்தார். 1406 மார்ச் 17இல், தாம் பிறந்த அதே ரமலான் மாதத்தில், கெய்ரோவில் இறையடி சேர்ந்தார்.

வரலாற்றைத் தொடக்கப் பாடமாகப் பயிலும் மாணவருள் பலர், அரசர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் மனனம் செய்வதோடு அமைகின்றனர். ஆண்டுகள் வேண்டுவனவே. ஆயினும், ஏன் நிகழ்ந்தது, இவ்வாறு நிகழ்ந்திருக்க இயலுமா என்னும் வினாக்கள் எழாவிடில் அக்கல்வி நிறைவுறாது. பிறர் நம்மைப் பழித்துச் சொல்லும் செய்தியை ஆராய்வது எளிது; நம் முன்னோரைப் புகழ்ந்து சொல்லும் செய்தியையும் அதே துலாக்கோலில் நிறுத்தல் அரிது. அவ்வரிய செயலையே இப்னு கல்தூன் நமக்கு விட்டுச்சென்றார். ஒரு சமுதாயத்தின் பெருமை மெய்யான வரலாற்றின்மீதே நிலைபெறும். மாணவச் செல்வங்கள் அப்பேரறிஞரின் நூலைத் தேடிப் பயின்று, ஆராய்ந்து தெளியும் பண்பைத் தமதாக்கிக்கொள்வார்களாக!