எண்ணித் துணிந்த தமிழ்த் தாத்தா

1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஏடு கிடைத்ததும் அச்சிட விரையவில்லை. பிழையோடு அச்சேறினால் பிழையே நிலைபெற்றுவிடும் அன்றோ? சைவ மடத்தில் கற்றவராயினும், சமயக் கருத்து விளங்காத இடங்களை அவ்வூர்ச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். பல ஊர்களில் தேடிப் பெற்ற பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களை ஆராய்ந்தார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த, அன்று பலரும் அறியாத நூல்களையும் குறித்துக்கொண்டார். 1887-இல் காப்பியம் வெளிவந்தது.

அம்மேற்கோள்கள் அடுத்த தேடலுக்கு வழிகாட்டின. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சேறின. கைக்கொண்ட பணியிலேயே வரும் பணிக்கு வித்திட்ட அப்பெருமகனார் 1942-இல் மறைந்தார். சிந்தாமணி இன்றும் நம் இல்லங்களில் ஒளிர்கிறது.