மணலில் கற்ற கல்வி: ஆர்தர் காட்டன்

சவ்வாது மலையில் தோன்றி நம் வயல்களை நோக்கி இறங்கிவரும் செய்யாறு, மலைபடுகடாத்துள் சேயாறு என்னும் பெயரால் நன்னனது நாட்டை வளப்படுத்திய ஆறாகும் என்பதை நம் வட்டத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆற்றில் நீர் ஓடுவது சில நாள்களே. அந்நீரை ஆண்டு முழுமைக்கும் வைத்துக் காப்பவை ஏரிகள். ஏரி கோடி போயிற்றா என்று வினவுவதே இன்றும் இவ்வூர்ப் பக்கத்தில் மழையை அளக்கும் முறை. நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனார் பெயர் நின்றது. பாடப்பெற்ற நன்னன் பெயரும் நின்றது. ஆனால் கரைக்கு மண் சுமந்தவன், மதகுக்கு இடம் குறித்தவன், கலங்கலின் உயரத்தைக் கண்ணால் அளந்து சொன்னவன் ஆகியோர் பெயர்களை எந்தப் பாட்டிலும் காணோம். கல்வெட்டு இருப்பினும் அதில் கொடையளித்தவர் பெயரே பெரும்பாலும் இருக்கும்.

அந்தப் பெயரிலாதவர்களைத் தம் ஆசிரியர்கள் என எழுத்தில் ஒப்புக்கொண்ட பொறியாளர் ஒருவர் உண்டு. அவர் நம் நாட்டவர் அல்லர். நம்மை ஆண்ட கும்பினியின் படைத்துறையைச் சேர்ந்த ஆங்கிலேயர். சர் ஆர்தர் தாமஸ் காட்டன் என்பது அவர் பெயர்.

1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்த காட்டன், பல உடன்பிறந்தாருள் ஒருவர். பதினைந்தாம் அகவையில், கும்பினிக்குரிய இளம் அதிகாரிகளை உருவாக்கிய அடிஸ்கோம்பு கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பொறியாளர் படையில் இளநிலை அதிகாரியானார். 1820இல் வேல்சு நாட்டுப் பாங்கர் பகுதியில் நில அளவைப் பணியில் பயிற்சி பெற்றார். சங்கிலி இழுப்பதும் கோணம் பார்ப்பதும் குறிப்பேட்டில் எண்களை நிரப்புவதுமே நில அளவையில் தொடக்கநிலையினர்க்கு வாய்க்கும் வேலை. 1821இல் சென்னைக்கு வந்து தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் அமர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

மறு ஆண்டு அவர் தென்மாவட்டங்களின் ஏரித்துறைக்கு உதவிப் பொறியாளராக அனுப்பப்பெற்றார். அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் இதுவே என்பது என் துணிபு. அடிஸ்கோம்பில் அவர் கற்ற கல்வி கோட்டை கட்டுவதற்கும் கோட்டையை இடிப்பதற்கும் உரியது. ஏரியோ ஒரு தனிக் கட்டடம் அன்று. மேலேரி நிரம்பி வழிந்தால் அந்நீர் கீழேரிக்குச் செல்லும். ஓர் ஊரார் கலங்கலில் ஒரு சாண் உயர்த்தினால் மேலே ஒருவன் நிலம் மூழ்கும், கீழே ஒருவன் நிலம் காயும். இவ்வுறவுகளை அறிந்தவர்கள் நீர்க்கட்டிகளும் கரை வேலை செய்த ஒட்டர்களுமே அன்றி வரைபடம் வைத்திருந்தவர்கள் அல்லர். (மதகு, மடை, கலங்கல் ஆகிய சொற்களுக்கு வகுப்பறையில் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும் காலத்தில் நாம் இருக்கிறோம்.) இடையில் பாம்பன் கால்வாயை அளந்ததும், 1824இல் தொடங்கிய பர்மியப் போரில் படையோடு சென்றதும் அவர் வாழ்வின் கிளைக் கதைகள்.

போரிலிருந்து திரும்பிய காட்டன் 1828இல் கேப்டன் ஆனார்; காவிரியை ஆராயும் பொறுப்பும் அவரிடம் வந்தது. சிக்கல் பெரிது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் அகன்றது, சரிவு மிகுந்தது. தென்கிளையாகிய காவிரியோ ஆண்டுதோறும் மணல் மேவி மேடாயிற்று. நீர் எளிய வழியைத் தேடிக் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலிற் கலந்தது. தஞ்சை வயல்கள் வறண்டன. வரி குறைந்தது. கும்பினியின் கவலை பயிரைப் பற்றியதன்று, வரியைப் பற்றியது என்பதையும் மறைக்காமற் கூறிவிட வேண்டும்.

கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணை எழுப்பினால் நீர் காவிரிக்குத் திரும்பும். சொல்வது எளிது. ஆற்றின் அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். மணல்மேல் கட்டிய வீடு நில்லாது என்பது அவர் இளமை முதல் விவிலியத்திற் படித்த பாடம். ஆனால் அதே ஆற்றில், சிறிது கிழக்கே, மணல்மேல் ஓர் அணை நின்றுகொண்டிருந்தது. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை அது. ஆயிரம் அடிக்கும் மேல் நீண்டு வளைந்து கிடக்கும் அவ்வணையைக் காட்டன் ஆராய்ந்தார். அதன் உட்புறம் கரடுமுரடான கற்களும் களிமண்ணுமே. பெருங்கற்களை மணலில் இட, அவை நீரின் அரிப்பால் தாமே அமிழ்ந்து ஆழத்தில் ஓரிடத்தில் நிலைகொள்ள, அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிச் செல்லுதல் என்னும் முறையை அவர் அதிலிருந்து பெற்றார். மணலோடு போரிடாமல் மணலையே துணைகொள்ளும் முறை அது. இதனுடன், கிணறு வெட்டும் நம்மவர் கையாண்ட உறை இறக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். செங்கல் உறைகளை ஆற்றுமணலில் இறக்கி, அவற்றின்மேல் அணையை எழுப்பினார்.

1836இல் முக்கொம்பில் மேலணையும், சுமார் 70 மைல் கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. காவிரிக்கு நீர் வந்தது. வேண்டிய அளவுக்கு மேலும் வந்தது! முன்பு மேவிக் கிடந்த காவிரியின் படுகை அரிக்கத் தொடங்கிற்று. கொள்ளிடப் படுகை உயரலாயிற்று. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புச் சுவர் இடவும் நேர்ந்தது. இதனைக் காட்டனின் புகழுக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கல்லணையின் கதையும் பல தலைமுறைகள் செப்பனிட்ட கதையே அன்றோ?

இதே காலத்தில் சாலைக்குரிய கல்லைச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொணர ஓர் இருப்புப் பாதையும் அவர் அமைத்தார். 1837இல் ஓடிய அதுவே இந்தியாவின் முதல் இரயில் பாதை எனப்படுகிறது. பிற்காலத்தில் இந்தியாவுக்கு வேண்டுவது இரயில் அன்று, நீரே என்று வாதிட்டு ஆட்சியாளரின் பகையைத் தேடிக்கொண்டவரும் அவரே.

உடல்நலம் குன்றி ஆஸ்திரேலியப் பகுதிக்குச் சென்று, அங்கு மணம் முடித்துத் திரும்பிய காட்டன் கோதாவரிக்கு அனுப்பப்பெற்றார். 1833ஆம் ஆண்டுப் பஞ்சமும் 1839ஆம் ஆண்டுப் புயலும் அந்நாட்டைச் சூறையாடியிருந்தன. 1821இல் ஏழு இலட்சத்தைக் கடந்திருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை, இருபது ஆண்டுகளில் ஐந்தரை இலட்சமளவுக்குச் சுருங்கியிருந்தது. பெருக்கெடுக்கும் ஓர் ஆற்றின் கரையிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1847இல் தவளேசுவரத்தில் வேலை தொடங்கியது. நான்கு கிளைகளாய்ப் பிரிந்து கிடந்த ஆற்றின் குறுக்கே, ஏறக்குறைய 12,000 அடி நீளத்திற்கு, மீண்டும் மணல்மேல், காவிரியிற் கற்ற முறையிலேயே அணை எழுந்தது. இடையில் வெயில் தாக்கி அவர் படுத்தபோது கேப்டன் ஓர் பொறுப்பேற்றார். 1852இல் பணி முடிந்தது. இங்கு வீணம் வீரண்ணா என்னும் தெலுங்கர் ஆயிரக்கணக்கான கூலியாட்களைத் திரட்டி வேலையை முன்நின்று நடத்தினார். அவர் பெயர் நிலைத்தது. காவிரியில் உறை இறக்கியவர்களுள் அவ்வாறு நிலைத்த பெயர் ஒன்றையும் நான் கண்டதில்லை.

எனினும் காட்டன் மறக்கவில்லை. ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடுவதைத் தாமும் தம்மவரும் இந்நாட்டாரிடமே கற்றதாகவும், சென்னை மாகாண நீர்ப்பாசனத்தின் வெற்றி அக்கல்வியால் விளைந்ததே என்றும் எழுதினார். பழைய ஏரிகளைப் பழுதுபார்க்கவும் அறியாத, சண்டையில் மட்டும் வல்ல கூட்டம் என்று மக்கள் கும்பினியாரை எண்ணியதில் நியாயம் உண்டு என்ற கருத்தும் அவர் எழுத்தில் உண்டு. 1861இல் சர் பட்டம் பெற்றவர், பின்னர் ஜெனரல் நிலைக்கும் உயர்ந்தவர், இவ்வாறு எழுதியிருப்பது அக்காலத்தில் அரிது. அணைக்கட்டு என்னும் நம் சொல் ஆங்கில அகராதியில் ஏறி நிற்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

குறையும் கூற வேண்டும். இந்தியா முழுவதையும் கால்வாய்களால் இணைத்துவிடலாம் என்ற அவருடைய பெருங்கனவு கணக்கில் தவறியது. அவர் ஊக்கிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் பெருநட்டம் கண்டது. வெற்றி தந்த காவிரியும் கோதாவரியும் ஆயிரம் ஆண்டுப் பட்டறிவு பேசிய மண். துங்கபத்திரைக் கரையின் கரிசல் நிலத்து உழவர் அந்நீரைப் பெரிதும் வேண்டவில்லை. அங்கே அவர் உழவரைக் கேட்டுக் கற்றாரா என்னும் ஐயம் எனக்குண்டு. 1878இல் தம் முதுமையில் நாடாளுமன்றக் குழுவின்முன் நின்று அவர் கடும் வினாக்களுக்கு விடை கூற நேர்ந்தது.

கோதாவரியில் அவர் கட்டிய அணைக்கு மாற்றாக எழுந்த புதிய தடுப்பணை 1982இல் நிறைவெய்தி அவர் பெயரையே தாங்கியது. முக்கொம்பிலோ, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்தன. அருகிலேயே புதிய கதவணை கட்ட நேர்ந்தது.

இங்கிலாந்தில் டார்க்கிங் என்னும் ஊரில் ஓய்ந்திருந்த காட்டன், தொண்ணூறை நெருங்கிய அகவையிலும் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விதைத்து, ஆழ உழுதால் விளைச்சல் கூடுமா என்று பார்த்து வந்தார். 1899ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் அவர் மறைந்தார்.