ஒரு கால் கட்டையான பந்தய வீரர்: புரூஸ் மக்லரனும் அகன்ற பின்சில்லுகளும்

போர்மியூலா வன் கார்ப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் எங்கள் இளைஞர்களுக்கு மக்லரன் என்ற பெயர் நன்கு தெரியும். செம்மஞ்சள் நிறக் கார்களையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் சிறுவயதில் நீண்ட காலம் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தவர் என்பதும், 1970ஆம் ஆண்டில், 32 வயதில், தனது அணி செய்த காரொன்றைப் பரீட்சித்துப் பார்த்தபோது இறந்துபோனவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

நான் வன்னியில் ஒரு ரயர்க் கடையில் வேலை செய்கிறேன். காருக்குப் பின்பக்கம் அகன்ற ரயரும் அகன்ற ரிம்மும் போட வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் மாதத்தில் ஓரிருவராவது இருப்பார்கள். படங்களில் பார்த்த பந்தயக் கார்களைப்போல் தங்கள் காரும் நிற்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் புரூஸ் மக்லரனின் கதையும் கூடவே வந்துவிடுகிறது. பந்தயக் காரின் பின்சில்லு மிக வேகமாக அகன்றுகொண்டு போன காலத்தில், அதற்குள் நின்று வேலை செய்தவர் அவர்.

சில்லுப் பூட்டிய கட்டில்

புரூஸ் மக்லரன் 1937ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிறந்தார். தகப்பனாரும் தாயாரும் ரெமுவெரா என்ற பகுதியில் பெற்றோல் நிரப்பு நிலையமும் அதனோடு சேர்ந்த கராஜும் நடத்தினார்கள். எண்ணெய் மணத்துக்குள் வளர்ந்த பிள்ளை.

ஒன்பது வயதில் இடுப்பில் நோ வந்து நடக்கக் கஷ்டப்பட்டான். அது பேர்த்தஸ் நோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். தொடை எலும்பின் தலைப்பகுதிக்குப் போகும் இரத்தம் குறைந்து, அந்த எலும்பு மென்மையாகி உருக்குலையும் நோய் அது. பாரம் தாங்கினால் மூட்டு இன்னும் கெட்டுவிடும். ஆகவே காலை அசையாமல் இழுத்துக் கட்டி வைப்பதுதான் அன்றைய வைத்தியம். ஒக்லாந்தின் தக்கபூனாவில் உள்ள வில்சன் இல்லம் என்ற சிறுவர் பராமரிப்பு நிலையத்தில், சில்லுப் பூட்டிய ஒரு சட்டத்தில் கால்கள் கட்டப்பட்ட நிலையில் சிறுவன் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கிடந்தான். எழுந்து வெளியே வந்தபோது இடதுகால் வலதுகாலைவிடக் கட்டையாக இருந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தார்.

2009இல் எறிகணைத் துண்டு பட்டு எனது இடது தொடை எலும்பு உடைந்தது. எலும்பு பொருந்தியபோது கால் ஓர் அங்குலம் கட்டையாகிவிட்டது. பழைய ரயரின் றப்பர்த் துண்டைச் செருப்பின் அடியில் வைத்துத் தைத்துத்தான் இன்றும் நடக்கிறேன். எங்கள் பக்கத்தில் இப்படி நடப்பவர்கள் எத்தனையோ பேர். மக்லரனுக்கு வந்தது நோய். எங்களுக்கு வந்தது வேறு. அவருக்கு அமைதியான நாடும், வைத்தியமும், திரும்பிப் போக ஒரு கராஜும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் கட்டிலில் கிடக்கும் பிள்ளை எழுந்த பிறகு எதைச் செய்யப்போகிறான் என்பதைக் கட்டில் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவரது வாழ்க்கை ஒரு சாட்சி.

ஓட்டுனரும் பொறியியலாளரும்

தகப்பனார் பழைய ஒஸ்ரின் செவன் பந்தயக் காரொன்றைத் துண்டு துண்டாக வாங்கி வந்தார். தகப்பனும் மகனும் சேர்ந்து அதைப் பூட்டி எடுத்தார்கள். 15 வயதில் அந்தக் காரோடு மலையேறும் போட்டி ஒன்றில் மக்லரன் இறங்கினார். பாதையில் ஓடி விளையாட முடியாத பிள்ளைக்குக் கார் ஒரு சமதரையைத் தந்தது. பெடலை மிதிக்கும் அளவுக்குக் கால் இருந்தால் அங்கே போதும்.

1958இல், இளம் சாரதி ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் நியூசிலாந்தின் திட்டத்துக்கு முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர் அவர்தான். அடுத்த ஆண்டு கூப்பர் அணியில் அவுஸ்திரேலியரான ஜாக் பிரபாமுக்குத் துணையாக ஓடினார். 1959 டிசெம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த ஆண்டின் கடைசிப் போட்டியில், முன்னால் ஓடிய பிரபாமின் காரில் இறுதிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்துபோனது. பின்னால் வந்த மக்லரன் வென்றார். பிரபாம் காரைத் தள்ளிக்கொண்டே வந்து நான்காம் இடத்தைப் பிடித்து உலகச் சம்பியனானார். அப்போது மக்லரனுக்கு 22 வயது. இண்டியானாபொலிஸ் ஓட்டத்தை நீக்கிப் பார்த்தால், கிராண்ட் பிரி ஒன்றை வென்ற மிக இளையவர் என்ற அவரது சாதனை 2003வரை நிலைத்தது.

கூப்பர் கார்களில் இயந்திரம் சாரதிக்குப் பின்னால் இருந்தது. அதுவரை கிராண்ட் பிரிகளில் வென்ற கார்களில் பெரும்பாலானவை முன்பக்கம் இயந்திரம் கொண்டவை. சில வருடங்களுக்குள் எல்லோரும் கூப்பரின் வழிக்கு மாறினார்கள். பாரம் பின்னால் போனபோது பின்ரயரின் வேலையும் கூடியது. எங்கள் கதைக்கு இது முக்கியம்.

1963இல் மக்லரன் தனது பெயரில் ஒரு சிறிய பந்தய நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அவரது அணித் தோழன் ரிம் மேயர் தஸ்மேனியாவின் லோங்போர்ட்டில் பயிற்சியின்போது இறந்தார். ரிம்மின் அண்ணன் ரெடி மேயர் அணியை விட்டுப் போகவில்லை. கடைசிவரை மக்லரனுக்குத் தோள்கொடுத்தவர்களில் அவர் ஒருவர். ரயர் நிறுவனமொன்றுக்காக ரயர்களைப் பரீட்சித்துப் பார்க்கும் வேலையும் இந்தச் சிறிய அணிக்குக் கிடைத்தது. அது காசும் தந்தது, அறிவும் தந்தது.

அந்த அறிவு 1966 ஜூனில் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் போட்டியில் உதவியது. மக்லரனும் இன்னொரு நியூசிலாந்துக்காரரான கிறிஸ் ஏமனும் ஒரே போர்ட் காரைப் பகிர்ந்து ஓட்டினார்கள். தொடக்கத்திலேயே அவர்களின் ரயர்கள் துண்டு துண்டாகப் பிய்யத் தொடங்கின. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தோடு இருந்தபோதும், அவர்கள் பிடிவாதமாக வேறு நிறுவனத்தின் ரயருக்கு மாறினார்கள். இழந்த நேரத்தைப் பிடித்து அந்தப் போட்டியை வென்றார்கள்.

பின்சில்லு ஏன் அகன்றது?

1966இல் வட அமெரிக்காவில் கான்-ஆம் என்ற பந்தயத் தொடர் ஆரம்பமானது. அங்கே கட்டுப்பாடுகள் மிகக் குறைவு. எவ்வளவு பெரிய இயந்திரத்தையும் வைக்கலாம். 1968இல் மக்லரனின் கார்கள் 7 லீற்றர் செவ்ரோலே இயந்திரங்களோடு 600 குதிரைவலுவைத் தாண்டின. பின்ரிம்மின் அகலம் ஓர் அடியையும் தாண்டிப் போனது.

பார்வைக்காக அப்படிச் செய்யவில்லை. கார் முன்னே பாயும்போது பாரம் பின்சில்லுகளின் மேல் சாய்கிறது. அந்தச் சில்லுகள் காரைத் தள்ளவும் வேண்டும், வளைவில் பக்கவாட்டாக வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். ஒரு ரயரிடம் உள்ள பிடிமானம் ஒரு குறிப்பிட்ட அளவுதான். தள்ளுவதற்கு அதிகம் செலவழித்தால் வளைவில் பிடிக்க மிச்சம் இருக்காது. அகன்ற ரயர், நிலத்தைத் தொடும் பரப்பை அகலமாக விரிக்கிறது. பாரமும் சூடும் பரவுவதால் மென்மையான, நன்றாக ஒட்டும் றப்பரைப் பாவிக்க முடிகிறது.

ஆனால் மக்லரனின் அணி வென்றது அகலத்தால் மட்டும் அல்ல. பின்பக்கத்தின் பிடி அளவுக்கு மிஞ்சினால், வளைவில் திரும்ப மறுத்துக் காரின் முன்பக்கம் வெளியே இழுபடும். முன்பக்கத்தின் பிடி மிஞ்சினால் பின்பக்கம் சுழன்றுவிடும். ஆகவே முன்ரயர், பின்ரயர், சுருள்வில், காற்று அழுத்தம், காரை நிலத்தோடு அமத்தும் இறக்கை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதே அவர்களின் வழக்கம். மற்ற அணிகள் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் காரை முடித்துக்கொண்டு வந்தபோது, இவர்கள் எத்தனையோ மைல்கள் ஓட்டிச் சரிபார்த்த காரோடு வந்தார்கள்.

1967இல் ஆறு போட்டிகளில் ஐந்தை வென்றார்கள். 1969இல் நடந்த 11 போட்டிகளையும் அவர்களே வென்றார்கள். அவற்றில் ஆறு மக்லரனுக்கு, ஐந்து அவரது நாட்டவரான டெனி ஹல்முக்கு. இடையில் 1968 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில், தனது பெயர் கொண்ட காரில் மக்லரன் கிராண்ட் பிரி ஒன்றையும் வென்றார். முன்னால் ஓடிய ஜாக்கி ஸ்ரூவர்ட் கடைசியில் எரிபொருளுக்காக நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை. தான் வென்றதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தார்.

உங்கள் காருக்கு

கடைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, கார் எந்தச் சில்லால் ஓடுகிறது என்பதுதான். எங்கள் வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சில்லால் இழுபடுபவை. அவற்றின் பின்பக்கம் அகன்ற ரயர் போட்டால் பாய்ச்சலில் ஒரு பலனும் இல்லை. வளைவில் முன்பக்கம் இன்னும் சோம்பலாகும், பெற்றோலும் கூடச் செலவாகும். நான்கு சில்லாலும் ஓடும் வாகனங்களில் முன்னும் பின்னும் வேறு வேறு சுற்றளவுள்ள ரயர் போட்டால் பல்சக்கரப் பெட்டியே கெட்டுப்போகலாம்.

பின்சில்லால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கதை வேறு. ரயரில் 245/40 ஆர் 18 என்று இருந்தால், அகலம் 245 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தின் 40 வீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அந்த ரயருக்குப் பொதுவாக 8 முதல் 9.5 அங்குலம்வரை அகலமான ரிம் பொருந்தும். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற ரயரைத் திணித்தால் பக்கச்சுவர் வயிறு வைத்ததுபோல் பிதுங்கி வளைவில் புரளும். ரிம் வெளியே தள்ளி நின்றால் பெயரிங்குக்குப் பாரம் கூடும், மட்காட்டிலும் உரசும். மழை வெள்ளத்தில் அகன்ற ரயர் ஒடுங்கிய ரயருக்கு முன்னரே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். மாரியில் எங்கள் வீதிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குட்வுட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

1970 பருவத்துக்காகச் செய்த புதிய காரின் பின்மூடியும் இறக்கையும், அதன் அகன்ற பின்சில்லுகளை நிலத்தோடு அமத்தும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஜூன் 2ஆம் திகதி இங்கிலாந்தின் குட்வுட் ஓடுபாதையில் மக்லரன் அதை ஓட்டிப் பார்த்தார். நேர்ப்பாதையில் மிக வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்மூடி கழன்றது. அமத்தும் காற்று போனவுடன் எவ்வளவு அகன்ற ரயராலும் பிடிக்க முடியவில்லை. பாதையோர மண்ணணையில் கார் மோதியது. மக்லரன் அந்த இடத்திலேயே இறந்தார். மனைவியையும் நான்கு வயது மகளையும் விட்டுச் சென்றார்.

வேலையாட்கள் மறுநாள் வீட்டில் நிற்கலாம் என்று ரெடி மேயர் அறிவித்தார். மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் ஹல்ம், முந்திய மாதம் இண்டியானாபொலிஸில் தீப்பிடித்த காரில் கைகள் எரிந்து, காயம் ஆறாமல் இருந்தார். 12 நாட்களுக்குப் பிறகு கனடாவின் மொஸ்போர்ட்டில் நடந்த முதல் கான்-ஆம் போட்டிக்கு அந்தக் கைகளோடு அவர் வந்து ஓட்டினார். மக்லரனின் இடத்தில் அமெரிக்கரான டான் கேர்ணி ஓடி அந்தப் போட்டியை வென்றார். அந்த வருடத்தின் பத்துப் போட்டிகளில் ஒன்பது இந்த அணிக்குக் கிடைத்தன. ஹல்ம் சம்பியனானார்.

மரணம் நடந்த வீட்டில் மறுநாளே அடுப்பு எரிய வேண்டியிருந்த காலத்தை நாங்கள் அறிவோம். அவர்கள் துக்கத்தை மறந்து வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலை அவருடையது. அதை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஐம்பத்தைந்து வருடங்கள் கடந்தும் அந்த அணி அவரது பெயரிலேயே ஓடுகிறது.