போர்டில் பார்க்கும் பேருக்குப் பின்னால் யார்? ‘மணிக் கணக்கு’ மாண்டிசோரியின் கதை!

கள்ளக்குறிச்சியோ சென்னையோ, நர்சரி பள்ளி போர்டுகளில் ‘மாண்டிசோரி’ என்ற பெயரைப் பார்த்திருப்போம். ஃபீஸ் அதிகம் வாங்கும் பள்ளிதான் நினைவுக்கு வரும். ஆனா, மரியா மாண்டிசோரி தொடங்கியது ஏழைப் பிள்ளைகளுக்காக.

யார் இவர்?

1870-ல் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் டாக்டர் ஆவதே அபூர்வமான காலத்தில், 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தபோது, கையால் தொட்டுப் பழகினால் அவர்களும் படிப்பார்கள் என்று கண்டுகொண்டார். 1907-ல் ரோமின் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தார்.

கணக்கு எப்படி?

ஒரு மணி என்றால் 1. பத்து மணி கோத்த கம்பி 10. பத்து கம்பி சேர்ந்த சதுரம் 100. பத்து சதுரம் அடுக்கினால் 1,000. 32-ல் 17 போகணுமா? ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்துவிட்டு பத்து மணி வாங்கணும். ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன என்று கை சொல்லிவிடும். இது பிடிபட்ட பிறகுதான் அடுத்த படி. அதுவரை அவசரமே கிடையாது.

சென்னையில் சிக்கியது ஏன்?

1939-ல் மகன் மரியோவோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர அடையாறு வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் இருவரும் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. திருமணம் ஆகாமல் பிறந்ததால் சின்ன வயசிலேயே பிரிந்திருந்த மகன், மறுபடி பிரிந்தார். அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். அதையொட்டி அரசு மரியோவை விடுவித்தது. பிறகு கொடைக்கானலிலும் இருந்து பயிற்சி தந்தார். 1952-ல் நெதர்லாந்தில் மறைந்தார்.

இப்போ என்ன?

2007 வாக்கில் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளில் இவருடைய தாக்கம் உண்டு. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்தே பிரித்தது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் கல்வராயன் மலைப் பள்ளிகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். ஆனா, புரியும் வரை காத்திருக்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்கணும்.

வீட்டில் ஒரு வாண்டு கழித்தலில் திணறுதா? பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகள் போதும். ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்.