நீதிபீடத்தில் இமாம் அபூயூசுப் (ரஹ்)

ஹனபி மத்ஹபின் தூண்களுள் ஒருவரான இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 113-ல் (கி.பி. 731) கூபா நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார்கள். யஃகூப் என்பது இயற்பெயர். கைத்தொழிலுக்குப் போக வேண்டியிருந்த பிள்ளையை இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பண உதவி செய்து தம்மிடம் ஓத வைத்துக் கொண்டார்கள்.

அந்த ஆசிரியப் பெருந்தகை காஜிப் பதவியை மறுத்துச் சிறைப்பட்டு ஹிஜ்ரி 150-ல் வபாத்தானார்கள். மாணவரோ அதே பதவியை ஏற்றார்கள். கலீபாக்கள் மஹ்தி, ஹாதி, ஹாரூன் ரஷீத் ஆகிய மூவர் காலத்திலும் பாக்தாதில் நீதி வழங்கினார்கள். காஜிகளுக்கெல்லாம் காஜி என்ற பட்டம் முதன்முதலில் இவர்களுக்கே கிடைத்தது. ஆசிரியர் அஞ்சி ஒதுங்கிய ஆசனத்தில் மாணவர் அமரலாமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அமர்ந்த பின் எப்படி நடந்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

தந்தை, மகன், மனைவி ஆகியோருக்குச் சாதகமாகக் காஜி தீர்ப்பளித்தால் அது செல்லாது என்பது ஹனபி சட்டம். அத்தகைய வழக்குகளிலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் பதவி தந்த கலீபாவின் வழக்கை விசாரிக்கத் தடை இல்லை. சோதனை அங்கேதான்!

ஒரு தோட்டம் பற்றி ஹாதிக்கும் ஒருவருக்கும் வழக்கு வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சாட்சியமெல்லாம் கலீபாவின் பக்கம். உண்மையோ மறுபக்கம் என்று இமாமவர்கள் அறிந்தார்கள். தம் சாட்சிகள் சொன்னது உண்மையே எனக் கலீபா சத்தியம் செய்ய வேண்டுமென எதிராளி கோருவதாகத் தெரிவித்தார்கள். இது காஜி இப்னு அபீலைலா அவர்களின் வழக்கம். சத்தியம் செய்ய மனமில்லாத ஹாதி தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டார்.

ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜ் நூலில் கொள்ளையர், திருடர் பற்றியும் இமாமவர்கள் பேசுகிறார்கள். கொடியவர்களிடம் அவர்கள் இளக்கம் காட்டியவர்களல்லர். ஊருக்கு வெளியே வழிமறிப்போருக்கு மட்டுமே வழிப்பறித் தண்டனை என்றார்கள் ஆசிரியர். ஊருக்குள் ஆயுதத்தோடு கொள்ளையடித்தாலும் அதுவே என்றார்கள் மாணவர். எனினும் திரும்பத் திரும்பத் திருடுபவனை என்ன செய்வது? முதல் முறை வலக்கை, இரண்டாம் முறை இடக்கால். மூன்றாம் முறை வெட்டுவதில்லை. தவ்பா வெளிப்படும் வரை சிறைதான். உண்ணக் கையும் நடக்கக் காலும் இல்லாமல் ஒருவனை விட்டுவிட ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் வெட்கப்பட்டதே இதற்கு ஆதாரம்.

வெறும் குற்றச்சாட்டைக் கொண்டு எவரையும் சிறையிலிடலாகாது, அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றும் கலீபாவுக்கு எழுதினார்கள். கைதிகள் சங்கிலியோடு வீதியில் பிச்சை கேட்பது அவர்களைச் சுட்டது. ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் தின்றுவிடுவர் என்பதால் மாதம் 10 திர்ஹம் கைதியின் கையிலேயே கொடுக்கச் சொன்னார்கள். குளிருக்கும் கோடைக்கும் தனித்தனி உடை, உறவினரற்ற கைதி இறந்தால் பைத்துல்மாலிலிருந்து கபன் என்பதையும் அவர்கள் விடவில்லை.

ஹிஜ்ரி 182-ல் (கி.பி. 798) மரணப் படுக்கையில் ஒரு வழக்கை நினைத்து அவர்கள் அழுததாகச் சொல்லப்படுகிறது. ஹாரூன் ரஷீதின் மீது ஒரு கிறிஸ்தவர் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு கிறிஸ்தவருக்கே கிடைத்திருந்தது. ஆனால் விசாரணையின்போது இருவரையும் சமமாக நடத்தத் தவறிவிட்டோமே என்றுதான் அழுதார்கள்.