இருதயத்தின் எரிபொருளைக் கண்டுபிடித்த டாக்டர் சுப்பாராவ்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணி மலை காவடிகளால் நிறைந்துவிடும். பக்கத்தில் உள்ள கே.ஜி.கண்டிகையிலிருந்தும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் கூட்டம் வரும். தமிழிலும் தெலுங்கிலும் முருகன் பெயர் முழங்கும்.

மலைக்கு 365 படிகள். வருஷத்தில் ஒரு நாளைக்கு ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். குழந்தைகள் துள்ளிக் குதித்து ஏறிவிடுவார்கள். வயதானவர்கள் பாதி வழியில் நின்று, மார்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள்.

அப்போது இருதயம் படபடவென்று அடிக்கிறது. அது ஒரு கைப்பிடி அளவுள்ள சதைதான். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வண்டி ஓட பெட்ரோல் வேண்டும். அடுப்பு எரிய விறகு வேண்டும். இருதயம் துடிக்க எது எரிபொருள்?

அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் வைத்தியம் படித்த ஒரு தெலுங்கு டாக்டர். அவர் பெயர் யெல்லாபிரகாட சுப்பாராவ்.

இருதயத்தின் ரகசியத்தை உலகுக்குச் சொன்ன அவர், தமது 53-வது வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அவருடைய வாழ்க்கை, கதையைவிட உருக்கமானது.

காசிக்கு ஓடிய பையன்

கோதாவரிக் கரை நாட்டில் பீமாவரம் என்று ஓர் ஊர். அங்கே 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி சுப்பாராவ் பிறந்தார். அந்தக் காலத்தில் அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர்.

குடும்பத்தில் பிள்ளைகள் பலர். வருமானம் சொற்பம். படிப்பில் சுப்பாராவுக்கு மனம் செல்லவில்லை. காசிக்குப் போய், யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று எண்ணினார். ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்பியும் விட்டார். அவரைத் தேடிப் பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள்.

தாயார் வெங்கம்மா விடவில்லை. இருந்த நகைநட்டைக் கொடுத்து மகனைப் படிக்க வைத்தார். சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதினார். தேறவில்லை. மறுபடியும் எழுதினார். அப்போதும் தேறவில்லை. பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படித்தார். மூன்றாவது தடவைதான் வெற்றி கிடைத்தது.

பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் திட்டித் தீர்க்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதர் உடையால் வந்த வினை

சுப்பாராவ் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. ஜனங்களுக்குச் சேவை செய்ய வைத்தியமும் ஒரு வழிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னால் மாமனார் ஆனவரும் உதவினார்கள்.

அது காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய சமயம். சுப்பாராவ் அந்நியத் துணியை ஒதுக்கினார். ஆபரேஷன் அறைக்கும் கதர் உடையிலேயே போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் பலன் என்ன? படிப்பு முடிந்தபோது எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

சர்க்கார் வைத்திய உத்தியோகம் எட்டவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து மாண்டார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், வயிறு போய்ப் போய் ரத்தம் வற்றும் ஒரு வியாதி அந்தக் குடும்பத்தைப் பிடித்திருந்தது. டாக்டருக்குப் படித்தும் கூடப் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை உறுத்தியது. நோய்களுக்கு மருந்து கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

கப்பல் ஏறினார்

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போனார். பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுத்தான் போனார். சில வருஷங்களில் திரும்பிவிடுவதாக எண்ணம். ஆனால் அவர் திரும்பி வரவே இல்லை.

கையில் பணம் இல்லை. டாக்டரான அவர், ஒரு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் படித்தார். அந்த வேலையை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

நீல நிறம் சொன்ன சேதி

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்ற ரசாயனப் பேராசிரியர் அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். ரத்தத்தில் பாஸ்பரஸ் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். சில மருந்துகளைக் கலந்தால் நீல நிறம் உண்டாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பரஸ். 1925-ல் வெளிவந்த அந்த முறை உலகெங்கும் ரசாயனக் கூடங்களில் பரவியது.

அதே முறையில் தசையைச் சோதித்தார்கள். ஒரு விசித்திரம் நடந்தது. நீல நிறம் உடனே வந்து நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது.

வேறொருவராக இருந்தால் மருந்தில் ஏதோ கோளாறு என்று கொட்டியிருப்பார். இவர்கள் விடவில்லை. தசைக்குள் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது, அது சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பரஸை வெளியே விடுகிறது என்று கண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். இது நடந்தது 1927-ல். தசை வேலை செய்யும்போது அந்தப் பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்ததும் பழையபடி ஊறியது.

1929-ல் ஏ.டி.பி. என்ற இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை பெரிய விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். தசை ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசையே இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நம்பிக்கை இந்தக் கண்டுபிடிப்புகளால் ஆட்டம் கண்டது.

சுருக்குப் பையும் சில்லறையும்

ஏ.டி.பி. என்றால் என்ன? சந்தைக்குப் போகும் ஒரு குடியானவப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நெல் இருக்கிறது. ஆனால் பஸ்ஸுக்கு நெல்லைக் கொடுக்க முடியுமா? விற்றுக் காசாக்க வேண்டும். நாம் சாப்பிடும் சோறும் அப்படித்தான். உடம்பு அதை ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. கை அசைவதற்கும், கண் இமைப்பதற்கும் உடம்பு கொடுக்கும் காசு அதுதான்.

கையில் உள்ள சில்லறை தீர்ந்தால் இடுப்பில் உள்ள சுருக்குப் பை கை கொடுக்கும். அந்தச் சுருக்குப் பைதான் பாஸ்போகிரியேட்டின்.

உடம்பிலேயே பெரிய செலவாளி இருதயம். அதன் எடை சுமார் 300 கிராம். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ ஏ.டி.பி. அதற்குள் செலவாகிறது. செலவாக ஆக, உடனுக்குடன் புதிதாகத் தயாராகிறது.

வாரி வழங்கிய வள்ளல்

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைவரானார்.

1945-ல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன வியாதிக்கு அது மருந்தாயிற்று. கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பதும் அதே போலிக் அமிலம்தான்.

யானைக்கால் வியாதிக்கு உரிய மாத்திரை 1947-ல் அவருடைய கூடத்திலிருந்து வந்தது. ரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி பார்பர் கொடுத்துப் பார்த்த மருந்தும் அங்கிருந்தே போயிற்று. பல கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது.

சுப்பாராவ் விளம்பரத்தை விரும்பவில்லை. புகழைக் கூட வேலை செய்தவர்களுக்கு விட்டுக் கொடுத்தார். கடைசிவரை அமெரிக்கப் பிரஜையாக மாறவும் இல்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நம் கணக்கில் ஆடி மாதம், இரவு தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. நியூயார்க் பக்கத்தில் தனியாக வசித்த அந்த மேதையின் இருதயம் நின்றுவிட்டது. இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கடல் கடந்து காத்திருந்த சேஷகிரி, கணவர் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

இரண்டு மாதம் பிந்திய ஆராய்ச்சி

விதியின் விளையாட்டைப் பாருங்கள். சுப்பாராவ் இறந்த இரண்டு மாதங்களுக்குள், அவர் வாழ்ந்த பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஊர் ஜனங்கள் 5,209 பேரைச் சேர்த்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, ஏன் வருகிறது என்று வருஷக்கணக்கில் கவனித்தார்கள். ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு, சிகரெட், சர்க்கரை வியாதி ஆகியவை இருதயத்தின் எதிரிகள் என்று அதிலிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது.

இருதயத்தின் எரிபொருளைக் கண்டவருக்கு, இருதயத்தைக் காக்கும் வழியை அறிய ஆயுள் போதவில்லை.

பின்னால் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஆராய்ச்சி நடந்தது. இவர் கேரளத்தில் பிறந்தவர். மாரடைப்புகளில் 100-க்கு 90-க்கு மேல் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று அது 2004-ல் சொன்னது. முன்பு சொன்ன நான்குடன் தொப்பை, மனக்கவலை, உடலுழைப்பு இல்லாமை, காய்கறி பழம் குறைவாக உண்பது, மதுப்பழக்கத்தின் அளவு ஆகியவையும் அந்தக் கணக்கில் வருகின்றன.

2007-ல் இன்னொரு விவரம் வெளிவந்தது. முதல் மாரடைப்பு மற்ற நாட்டாருக்குச் சராசரி 59 வயதை ஒட்டி வருகிறது. இந்தியா, இலங்கை முதலிய நம் பக்கத்து நாட்டாருக்கோ 53 வயதிலேயே வந்துவிடுகிறது. 53! சுப்பாராவ் இறந்த அதே வயது.

காசு தீர்ந்த இருதயம்

மாரடைப்பு வேறு, இருதயப் பலவீனம் வேறு. மாரடைப்பு என்பது இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைத்துக்கொள்வது. இருதயப் பலவீனம் என்பது இருதயம் சோர்ந்து, வேண்டிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் தவிப்பது. மாரடைப்பில் பிழைத்தவர்களில் பலருக்கு இது பின்னால் வருகிறது. பல வருஷ ரத்தக் கொதிப்பாலும் வருகிறது.

இந்தச் சோர்ந்த இருதயத்தை நெஞ்சைக் கீறாமலே காந்தக் கருவியால் சோதித்திருக்கிறார்கள். அங்கே என்ன கண்டார்கள்? சுருக்குப் பை காலியாகிக்கொண்டிருக்கிறது! பாஸ்போகிரியேட்டின் முதலில் குறைகிறது. நோய் முற்றினால் ஏ.டி.பி.யும் குறைகிறது. சுப்பாராவ் கண்ட இரண்டு பொருள்களின் விகிதத்தை வைத்தே நோயின் கடுமையை அளக்கிறார்கள்.

நல்ல சேதியும் உண்டு. சர்க்கரை வியாதிக்கு வந்த டாபாகிளிப்ளோசின் என்ற மாத்திரையை, இருதயம் பலவீனமான 4,744 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. சுமார் ஒன்றரை வருஷத்தில், மாத்திரை சாப்பிடாதவர்களில் 100-க்கு 21 பேருக்கு நோய் முற்றியது அல்லது இருதய நோயால் மரணம் நேர்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 16 பேர். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. எந்த மாத்திரை யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வயதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள்

முன்பு சுலபமாக ஏறிய படியில் இப்போது மூச்சு முட்டுகிறதா? படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? மாலையில் பாதம் வீங்குகிறதா? வயதாகிவிட்டது என்று தாத்தாவும் பாட்டியும் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி வந்து, வியர்த்துக் கொட்டினால் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், புகையிலையை விட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பைக் குறைக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கப்பட்டது.

இதெல்லாம் 1948-ல் சுப்பாராவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும்போது, பாதிப் படியில் சற்று நில்லுங்கள். மார்பில் கை வையுங்கள். உள்ளே துடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு காசு செலவாகிறது. அந்தக் காசை உலகுக்குக் காட்டியவர், மூன்று தடவை பரீட்சை எழுதிய ஒரு பீமாவரத்துப் பையன்.