6 முறை பரிந்துரை... ஒருமுறைகூட கிடைக்காத ஆஸ்கர்! யார் இந்த தெல்மா ரிட்டர்?

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படம் பார்த்திருக்கீங்களா? காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஹீரோவுக்கு மசாஜ் செய்துகொண்டே, அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறாயே என்று வெளுத்து வாங்குவாரே ஒரு நர்ஸ்... அவர்தான் தெல்மா ரிட்டர்.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முறையாக நடிப்பு படித்தார், நாடகங்களில் நடித்தார். கல்யாணம், 2 குழந்தைகள் என்று ஆனதும் மேடையிலிருந்து ஒதுங்கினார். பிறகு ரேடியோ நாடகங்கள்.

முதல் படம் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' 1947-ல் வெளியானபோது அவருக்கு வயது 45. ஹீரோயின்கள் ஓய்வு பெறும் வயசு! பையன் கேட்ட பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்காமல் கால் வலியோடு அலையும் அம்மாவாக ஒரு சின்ன வேடம். டைட்டிலில் பெயர்கூட போடவில்லை. ஆனால் ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் தலைவர் டேரில் ஜானக் கண்ணில் பட்டுவிட்டார். அதன்பிறகு வேலைக்காரி, நர்ஸ், மாமியார் என வேடங்கள் வரிசை கட்டின.

'ஆல் அபவுட் ஈவ்' தொடங்கி, 1950 முதல் 1953 வரையிலான படங்களுக்காக தொடர்ந்து 4 ஆண்டுகள் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. நாலுமே கை நழுவியது. இதில் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்துக்காவது கொடுத்திருக்கலாம். தெருவில் டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்பு கொடுக்கும் மோ என்ற வயதான பெண்ணாக வருவார். அநாதைப் பிணமாகப் புதைக்கப்படக் கூடாது, நல்ல இடத்தில் அடக்கம் ஆகணும் என்பதற்காகவே காசு சேர்ப்பார். கொல்ல வந்தவன் முன்னால் களைத்துப்போய் உட்கார்ந்து பேசும் அந்தக் காட்சியை ஒருமுறை தேடிப் பாருங்க. அந்த ஆண்டு விருது 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' படத்தில் நடித்த டோனா ரீடுக்குப் போனது.

கொடுமை என்னன்னா, 1955-ல் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்கியவர்களில் இவரும் ஒருவர். ஹாலிவுட்டில் பாப் ஹோப், நியூயார்க்கில் இவர்!

மேடை மட்டும் கைவிடவில்லை. 1958-ல் 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக டோனி விருது வாங்கினார். அதுவும் அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டதுதான்.

1959-ல் 'பில்லோ டாக்', 1962-ல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' என மேலும் 2 பரிந்துரைகள். கடைசிப் படத்தில், தன்னைவிட 11 வயசே இளையவரான பர்ட் லங்காஸ்டருக்கு அம்மா வேடம். அதற்கும் விருது இல்லை.

1969 பிப்ரவரி 5-ல் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். 67-வது பிறந்தநாளுக்கு 9 நாள்தான் பாக்கி இருந்தது.